800 மெகாஹெர்ட்ஸ் காட்டுகிறதா? பதறாதீர்கள்: செயலி வேகம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பெட்டியில் 3.6 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. திரையிலோ 800 மெகாஹெர்ட்ஸ்தான் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அந்த எண்ணைப் பார்த்த நேரத்தில் கணினி என்ன வேலை செய்துகொண்டிருந்தது? அநேகமாகச் சும்மா இருந்திருக்கும். வேலை இல்லாதபோது செயலி தன் பெருக்கெண்ணைத் தானே இறக்கிக்கொள்ளும். அடிப்படைத் துடிப்பைப் பெருக்கெண்ணால் பெருக்கினால் வருவதுதான் செயலியின் வேகம். இங்கே அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். 36 மடங்கு என்றால் 3600, 8 மடங்கு என்றால் 800. இன்டெல் இதற்கு ஸ்பீட்ஸ்டெப் என்று பெயர் வைத்தது, ஏஎம்டி கூல் அண்ட் கொயட் என்றது. வேகத்தோடு மின்னழுத்தமும் இறங்குவதில்தான் லாபமே இருக்கிறது: மின்னழுத்தம் பாதியானால் மின்செலவு கால்வாசியாகும். பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கக் கொடுத்துவிட்டு அதே எண்ணைப் பாருங்கள். ஏறிவிட்டால் பழுதில்லை.

கேள்வி: என் மடிக்கணினியில் ஏறுகிறது, ஆனால் அரை நிமிடத்தில் விழுந்துவிடுகிறது.

பதில்: சூடு அல்லது மின்வரம்பு, அதாவது செயலி எடுக்கும் மின்சாரத்துக்கு வைத்த உச்சவரம்பு. வெப்பநிலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 டிகிரியை ஒட்டி நின்று, வேகம் ஏறுவதும் இறங்குவதுமாகத் தள்ளாடினால் சூடு. என் பழைய மடிக்கணினியைத் திறந்தபோது, விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. இரண்டு விரலால் அப்படியே உரித்தெடுத்தேன். வெப்பநிலை 70-லேயே இருந்து, வேகம் ஒரே மட்டத்தில் நின்றால் அது மின்வரம்பு. தயாரிப்பாளர் வைத்த கணக்கு. பல இன்டெல் செயலிகளில் கூடுதல் மின்சாரத்துக்கு 28 விநாடிதான் அனுமதி.

கேள்வி: என் மடிக்கணினிக்கு எந்த வேலை கொடுத்தாலும் 400 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. சூடும் இல்லை, 45 டிகிரிதான்.

பதில்: சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பினால் குற்றவாளி சார்ஜர்தான். சில மடிக்கணினிகளில், சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் மதர்போர்டு ‘சூடாகிவிட்டது’ என்ற சமிக்ஞையை அனுப்பிவிடும். செயலி அதை அப்படியே நம்பிக் கீழே இறங்கிவிடும். விண்டோஸை மறுபடி நிறுவி ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

கேள்வி: ஏஎம்டியின் பழைய செயலியான அத்லான் எக்ஸ்பி 1800+ வைத்திருக்கிறேன். 1150 காட்டுகிறது. 1800 எங்கே போனது?

பதில்: 1800 என்றைக்குமே இருந்ததில்லை, அது மாடல் எண். உண்மையான வேகம் 1533, அதாவது இதன் அடிப்படைத் துடிப்பான 133-க்குப் பதினொன்றரை மடங்கு. உங்களுடையது 100-க்குப் பதினொன்றரை மடங்கில் ஓடுகிறது. மதர்போர்டிலுள்ள வட்ட பேட்டரி தீர்ந்து, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) அமைப்புகள் அழிந்திருக்கும். பேட்டரியை மாற்றிவிட்டு, பயாஸில் அடிப்படைத் துடிப்பை 133 என்று வையுங்கள்.

கேள்வி: 2900 வர வேண்டிய இடத்தில் 2894 வருகிறது.

பதில்: விட்டுவிடுங்கள். மின்காந்த இரைச்சலைக் குறைக்க மதர்போர்டு அடிப்படைத் துடிப்பைத் துளி அசைக்கிறது.

கேள்வி: எப்போதும் முழு வேகத்திலேயே ஓடும்படி பூட்டிவிடலாமா?

பதில்: பூட்டலாம். விசிறிச் சத்தம்தான் கூடும். வேலை வந்தால் செயலி கண்ணிமைப்பதற்குள் ஏறிவிடும். அதைவிட, விண்டோஸ் மின்திட்டத்தில் செயலியின் அதிகபட்ச நிலை 99 சதவீதமாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சதவீதக் குறைவு, வழக்கமான வேகத்தையும் தாண்டி ஏறவைக்கும் டர்போவையே நிறுத்திவிடும்.