தெருவில் குடியிருப்பவர்களும் நகரத்தின் வரைபடமும்: கேள்வி பதில்

மரபுக் கட்டடங்களைச் சீரமைக்கும் பணியில் உள்ள கட்டடக் கலைஞரான நம் உறுப்பினர், மற்ற உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (புதுச்சேரி): பிரெஞ்சுப் பகுதிக்குக் கிடைக்கும் கவனம் தமிழர் பகுதிக்குக் கிடைப்பதில்லை. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. குடியிருப்பவர்களால் என்ன செய்ய முடியும்?

இரு பகுதிகளையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில் உள்ள கட்டடங்களில் பல அரசிடமோ அரவிந்தர் ஆசிரமத்திடமோ நிறுவனங்களிடமோ இருப்பதால், அங்கே ஓர் அலுவலகத்தின் முடிவே ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிவிடும். மேற்கே உள்ளவை பெரும்பாலும் குடும்பச் சொத்துகள். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே மனம் மாறினால்தான் தெரு பிழைக்கும். ஆகவே தமிழர் பகுதியைப் பொறுத்தவரை மக்கள் பங்கேற்பு என்பது கூடுதல் அலங்காரம் அன்று, அதுவே ஒரே வழி.

உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. கால்வே சுப்பராயச் செட்டி வீதி எனப்படும் வைசியாள் வீதியை, ஆசிய, ஐரோப்பிய நகரங்களை இணைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா உர்ப்ஸ் திட்டத்தின்கீழ், 2002 முதல், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ் சுர் லோ ஆகிய நகரங்களின் கூட்டுறவுடன் புதுச்சேரி நகராட்சியும் மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பும் சீரமைத்தன. அங்கே தனி வீட்டை எடுத்துக்கொள்ளாமல் தெருவையே ஓர் அலகாகக் கொண்டார்கள் என்பதுதான் என் பார்வையில் முதன்மையானது. மரத்தூண்கள் தாங்க, தெருவை நோக்கிச் சரிந்திறங்கும் தாழ்வாரமும் அதன் உள்ளே அமைந்த திண்ணையும் வீடுதோறும் தொடர்ந்து வந்தால்தான் நடப்பவருக்கு நிழல். நடுவில் ஒரு வீடு அதை இடித்துவிட்டு வாகன நிறுத்தம் அமைத்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். அடுத்த வீட்டின் நிழல் தமக்கும் உரியது என்று உரிமையாளர்கள் உணரும்போது, பேச்சு "என் சொத்து" என்பதிலிருந்து "நம் தெரு" என்பதற்கு நகர்கிறது. அந்தச் சீரமைப்பு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது.

கேள்வி (கும்பகோணம்): பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் என்ன தவறு? கொத்தனார் அதைத்தான் சொல்கிறார்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேற்பூச்சின் வழியே வெளியேற்றும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைப்பதால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடியத் தொடங்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்து வருவதால், தெருவில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே குழுவை அமர்த்திக்கொள்வது செலவுக்கும் நல்லது, தொழிலுக்கும் நல்லது.

கேள்வி (காரைக்குடி): எங்கள் வீட்டுக்குப் பங்காளிகள் பலர். சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். இதில் "குடியிருப்பவர்" என்று யாரைச் சொல்வது?

செட்டிநாட்டின் உண்மையான சிக்கல் இதுதான். வீட்டை நேசிக்காதவர்கள் என்று யாரையும் குறை சொல்ல முடியாது; ஓடு மாற்றக்கூட அனைவரின் ஒப்புதலும் வேண்டியிருக்கிறது, ஆனால் மழை யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருப்பதில்லை. இறுதியில் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுகின்றன. பராமரிப்புக்கு மட்டும் பங்காளிகள் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்து, உள்ளூரில் இருக்கும் ஒருவருக்கு அதிகாரமும் ஆண்டுக்கொரு தொகையும் அளியுங்கள். விற்பனை, பிரிவினை பற்றிய பேச்சை அதில் கலக்காதீர்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் உலக மரபுச் சின்னத் தகுதிக்கு முன்மொழியக்கூடியவற்றைக் கொண்ட யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே ஒழுகும் கூரை அடைபடாது. ஊரணிகளும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களும் வீடுகளுடன் சேர்ந்து திட்டமிடப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம். வாடகைக்குக் குடியிருப்பவரும் ஊரணியில் நீர் எடுப்பவரும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டியவர்களே.

கேள்வி (திருச்சி): கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வண்ணப் படங்களைக் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். இது எவ்வகைப் பங்கேற்பு?

வரைபடம் முடிந்த பிறகு கேட்கப்படும் கருத்து பெரும்பாலும் ஒப்புதல் மட்டுமே. நடைபாதையின் அகலம், மரங்களின் இடம், பேருந்து நிறுத்தம் என எவற்றையெல்லாம் இன்னும் மாற்ற முடியும் என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் கூட்டமே பொருளற்றது. அளவுக் கோடுகள் போட்ட படத்தை எல்லோராலும் வாசிக்க முடியாது. அதனால் புதிய நடைபாதை எங்கே வருமோ அங்கே தெருவிலேயே சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோட்டின்மேல் நடந்து பார்க்கும் பாட்டி, தள்ளுவண்டியை நிறுத்திப் பார்க்கும் வியாபாரி ஆகியோர் சொல்லும் திருத்தங்கள், எந்தக் கணினிப் படத்திலும் கிடைக்காதவை.

கேள்வி (மதுரை): சட்டப்படி எங்களுக்கு ஏதேனும் உரிமை உண்டா?

உண்டு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர ஊரமைப்புச் சட்டப்படி, ஊரின் நிலப்பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவை வெளியிட்டு, எழுத்து வடிவில் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். பொதுவான வருத்தத்தை எழுதாமல் தெருப் பெயர், நிலப்பயன்பாட்டு வகை, நீங்கள் கோரும் மாற்றம் ஆகியவற்றை எழுதுங்கள். மேலும் 2022-இல் தமிழ்நாட்டில் வார்டு குழுக்களுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்துள்ளன. பகுதி சபையில் உங்கள் கோரிக்கை தீர்மானமாகப் பதிவாகட்டும்.

கேள்வி (பினாங்கு): ஜார்ஜ் டவுனில் வீடுகள் அழகாகிவிட்டன, அண்டை வீட்டார் போய்விட்டார்கள். இதைத் தவிர்க்க முடியுமா?

உங்கள் நகரத்தின் அனுபவத்தை எல்லா ஊர்களும் படிக்க வேண்டும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் முடிவுக்கு வந்ததும் பழைய கடைவீடுகளில் இருந்த பலர் வெளியேற நேர்ந்தது. 2008-இல் உலக மரபுச் சின்னத் தகுதி கிடைத்தபின் விடுதிகளும் உணவகங்களும் பெருகின. சுவர்களுக்குப் பாதுகாப்பு விதி எழுதும் அதே நாளில் வாடகைதாரருக்கும் சிறுதொழிலுக்கும் விதி எழுதாவிட்டால், காக்கப்படுவது வெறும் முகப்பு மட்டுமே. பொதுப் பணத்தில் உரிமையாளருக்கு மானியம் தரும்போது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வாடகைதாரரை வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையை இணைப்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

கேள்வி (கடலூர்): இடிந்துவிட்ட கட்டடத்தை மீண்டும் அதே வடிவில் கட்டுவது போலி அல்லவா?

எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலிருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியுதவியுடன் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. ஊர்மக்கள் நினைவில் அந்த இடத்துக்கு அத்தகைய உரிமை இருந்தது. எனினும் பழுது தெரிந்த காலத்திலேயே கூரையைச் செப்பனிட ஆகும் செலவு இதில் சிறு பகுதியே.

கேள்வி (புதுச்சேரி): பெரிய மார்க்கெட்டைப் புதுப்பிப்பதில் வியாபாரிகளை எப்படிச் சேர்ப்பது?

பெரிய மார்க்கெட் எனப்படும் குபேர் மார்க்கெட்டில் வியாபாரிகள் ஒரே நேரத்தில் அனைவரையும் வெளியேற்ற வேண்டாம், பகுதி பகுதியாகக் கட்டுங்கள் என்று கேட்டது பிடிவாதம் அன்று. ஒரு நாள் கடை அடைத்தாலே மீன் விற்கும் பெண்ணின் வாடிக்கையாளர் வேறிடம் போவார். எனவே முதல் வரைபடம் கட்டடத்துக்கானதாக இல்லாமல் இடமாற்றத்துக்கானதாக இருக்கட்டும்: எந்த வரிசை எப்போது நகர்கிறது, எங்கே நகர்கிறது, எந்த எண்ணுள்ள கடைக்குத் திரும்பி வருகிறது என்பதை ஒவ்வொரு வியாபாரியின் பெயருடன் எழுதி, இருதரப்பும் கையொப்பமிட வேண்டும். தரையில் கூடை வைத்து விற்பவர்களுக்குக் கடை எண் கிடையாது; கணக்கெடுப்பை அவர்களிடமிருந்தே, அவர்கள் வரும் விடியற்காலையில் தொடங்குங்கள்.