போரெஸ்ட் 3 என்றால் மூன்றாம் கட்டமா?

கேள்வி: வயது 54. நிலாவெளியில் கரைவலை இழுக்கிறேன். மலம் கறுப்பாகப் போனதால் கமரா விட்டுப் பார்த்தார்கள். ‘இரைப்பைப் புண், போரெஸ்ட் 3’ என்று எழுதி, பரிசோதிக்கப் புண்ணிலிருந்து சிறு துண்டும் எடுத்தார்கள். அல்சர் வந்த என் மச்சானுக்குத் துண்டு எடுக்கவில்லை. எனக்குப் புற்றுநோய் மூன்றாம் கட்டமா டொக்டர்? இரவில் நித்திரையில்லை.

பதில்: இல்லை. அந்த 3 புற்றுநோயின் கட்டமே அல்ல.

இரத்தம் கசிந்த புண் மறுபடி கசியுமா என்று கணிக்க, 1974இல் போரெஸ்ட் என்ற வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும் வகுத்த பிரிவு அது. இதில் இலக்கம் கூடினால் ஆபத்துக் குறைவு. 1 என்றால் கமரா பார்க்கும்போதே இரத்தம் பீறிடுகிறது, அல்லது ஊறுகிறது. 2 என்றால் நின்றுவிட்டது. ஆனால் புண்ணில் இரத்தக்குழாயோ, உறைந்த கட்டியோ, கறுத்த புள்ளியோ தெரிகிறது. 3 என்றால் அடி சுத்தமான புண். மறுபடி கசிவது 100 பேரில் சுமார் 5 பேருக்குத்தான். உங்களுக்குக் கிடைத்தது நல்ல இலக்கம்.

துண்டு எடுத்தது புண் இருக்கும் இடத்துக்காக. மச்சானுக்கு அநேகமாக முன்சிறுகுடலில் இருந்திருக்கும். அங்கே வரும் புண் புற்றாக இருப்பது மிக அரிது. இரைப்பையில் அப்படியில்லை. பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் புண்ணிலும் சிலவேளை புற்று ஒளிந்திருக்கும். ஆகவே துண்டு எடுத்து, 8 கிழமையளவில் ஆறிவிட்டதா என்று மறுபடி கமரா விடுவது வழக்கம். முடிவு வருமுன் ‘ஒன்றுமில்லை’ என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. பயப்படும்படி அறிக்கையில் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்வேன்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். தோள் நோவுக்கு பாமசியில் டைக்ளோபெனக் குளிசை வாங்கிப் போடுகிறீர்களா? இரைப்பைப் புண்ணுக்கு அது ஒரு முக்கிய காரணம். வலை இழுக்கும் பலரிடம் இந்தப் பழக்கத்தைக் கண்டு கவலைப்பட்டிருக்கிறேன். போட்டால் இன்றே நிறுத்துங்கள். நோவுக்குப் பனடோல் போதும். இதயத்துக்கு அஸ்பிரின் தந்திருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் கேளுங்கள். மற்றக் காரணம் ஹெலிகோபக்டர் கிருமி. அதை எடுத்த துண்டிலேயே பார்க்கலாம். இருந்தால் பெரும்பாலும் 14 நாள் குளிசை, ஒரு வேளையும் விடக்கூடாது. உறைப்பால் புண் வருவதில்லை, எரிந்தால் குறையுங்கள். பீடி, சுருட்டு இருந்தால் விடுங்கள், புண் ஆறப் பிந்தும்.

மலம் மறுபடி தார்போல் போனாலோ, இரத்தமாக வாந்தி வந்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து திருகோணமலை பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.