மினிமம் டியூ கட்டினால் கடன் குறையுமா?

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ‘கென்ஷின் இம்பாக்ட்’ கேமுக்கு மாதம் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு போகிறது, எல்லாம் கிரெடிட் கார்டில்தான். மாதாமாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகையான மினிமம் டியூவைத் தவறாமல் கட்டியும் பாக்கி ஒன்றரை மாதச் சம்பளமாகிவிட்டது. அக்கா மகன் கேட்கும் ஃபோர்ட்நைட் கேமின் ஸ்கின்னும் (கேரக்டருக்கான உடை) இதே கார்டில்தான். விளையாடிக்கொண்டே சம்பாதிக்கும் கிரிப்டோ கேமில் மாதம் சம்பளத்தில் 15 சதவீதம் போட்டால் கடனை அடைத்துவிடலாம் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டாம். சேமிப்பின் அருமையைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை, அதெல்லாம் தெரிந்தவர்தான் நீங்கள். உங்களைக் கெடுப்பது ‘தவறாமல்’ கட்டும் அந்த மினிமம் டியூ.

சம்பளம் 100 என்று வையுங்கள். பாக்கி 150. மாத வட்டி 3 சதவீதம், மினிமம் 5 சதவீதம் என்று கொண்டால் வட்டி 4.5, நீங்கள் கட்டுவது 7.5. அசலில் குறைவது வெறும் 3. அதே மாதம் கேமுக்காக 10 ஏறுகிறது. முழுப் பாக்கியையும் கட்டாதவருக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது என்பதால், அந்தப் பத்துக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. இப்படியே ஒரு வருடம் போனால் மொத்தம் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள், பாக்கி மட்டும் சுமார் 225 ஆகியிருக்கும்.

அந்தப் பத்து ஏன் உறுத்தவில்லை? கார்டுப் பணம் முதலில் ஜெனிசிஸ் கிரிஸ்டல் ஆகிறது, அது பிரிமோஜெம் ஆகிறது, அது கேரக்டர் குலுக்கலில் ஒருமுறை இழுப்பதற்கான ஃபேட் ஆகிறது. மூன்று முறை மாறியபின் விலை யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஐந்து நட்சத்திரக் கேரக்டர் விழும் வாய்ப்பு ஒரு இழுப்புக்கு 0.6 சதவீதம். 50 முறை இழுத்தாலும் நான்கில் மூன்று பேருக்கு ஒன்றும் விழாது. 90இல் ஒன்று நிச்சயம், ஆனால் அது நீங்கள் கேட்டதாக இருக்க வேண்டியதில்லை. மோசமான அதிர்ஷ்டத்தில் 180 இழுப்பு, அதாவது 28,800 ஜெம். 100 டாலரின் பெரிய பேக்கிலேயே 8,080தான். ஆக நான்கு பேக். 70 டாலர் விலையில் ஐந்து முழு கேம் வாங்கியிருக்கலாம், ஒரே ஒரு பொம்மைக்காக!

நண்பர் சொல்லும் சமாச்சாரம் புதிதல்ல. ‘ஆக்ஸி இன்ஃபினிட்டி’ என்ற கிரிப்டோ கேமும் இதே கதையைச் சொல்லித்தான் வளர்ந்தது. 2021 நவம்பரில் உச்சம் தொட்ட அதன் டோக்கன், அதாவது அந்த கேமின் கிரிப்டோ நாணயம், பிறகு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இழந்தது. 2022 மார்ச்சில் அதன் நெட்வொர்க்கிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. வட்டிக் கடனை வைத்துக்கொண்டு இதில் இறங்குவதை முதலீடு என்று என்னால் சொல்ல முடியாது.

அக்கா மகன் விஷயம் சின்னது. அவன் கணக்கிலிருந்து கார்டை எடுத்துவிட்டு, பிறந்தநாளுக்கு ஒரு கிஃப்ட் கார்டு கொடுங்கள். கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. தெரியாமல் ஒரு பட்டன் பட்டாலே பணம் போகும்படி வைத்திருந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியபின், ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 2022இல் 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

சரி, நண்பர் சொன்ன கிரிப்டோ கேமில் போட நினைத்த 15ஐ மினிமம் கட்டும் 7.5உடன் சேர்த்து மாதம் 22.5 கட்டுங்கள். கார்டில் புதிதாக எதுவும் ஏறாவிட்டால் எட்டு மாதத்தில் கடன் தீரும். அதுவரை தினசரிப் பணிகளில் கிடைக்கும் இலவச ஜெம்களோடு விளையாடுங்கள். பாக்கியைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றித் தருவார்களா என்று வங்கியில் கேட்கலாம், ஆனால் கேமில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்த பிறகு.