காதுப்பட்டை கழுத்துக்கு இறங்கினால்

மாஸ்க் எலாஸ்டிக் காதை அழுத்தாமல் இருக்க, அதைத் தலைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் பட்டன் வைத்த துணிப்பட்டையை சாட்டின் லைனிங் வைத்துத் தைத்தேன், அரை மணி நேரத்தில் கழுத்துக்கு இறங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். பட்டன்களை அரை அங்குலம் நெருக்கித் தையுங்கள். துணியை வெட்ட வேண்டாம்.

நீங்கள் வைத்த சாட்டின் லைனிங்கும் காரணமாக இருக்கலாம். எண்ணெய் வைத்த தலையில் வழுக்கத்தானே செய்யும்? தலையில் படும் பக்கம் பழைய டவல் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துப் பாருங்கள்.

பட்டனைப் பிரிக்கும் முன் ஒரு சோதனை. மாஸ்க்கை மாட்டி, இரண்டு எலாஸ்டிக்கையும் காதில் படாதபடி பின்னால் இழுத்துப் பிடியுங்கள். இரண்டு எலாஸ்டிக்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வீட்டில் யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவு பட்டன் நடுவிலிருந்து பட்டன் நடுவுக்கு. நான் பட்டை விளிம்பிலிருந்து அளந்து இரண்டை வீணாக்கினேன்.

பட்டை பின்மண்டை மேட்டுக்கு மேலே உட்கார வேண்டும். அப்புறம், ரொம்ப இறுக்கினால் மாஸ்க் கன்னத்தோரம் விரிந்து காற்று அந்த வழியாகப் போகும்.