காய்ந்தால் கொட்டுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சொனோரா பாலைவனம் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். நாங்கள் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கத்திலுள்ள சாண்ட்லரில் இருக்கிறோம். போன அக்டோபரில்தான் வேலைக்காக வந்தோம், இது முதல் கோடை. இந்த ஜூனில் தினமும் 110 டிகிரியைத் தொடுகிறது. அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்த்தவர். "இந்தக் காய்ச்சல் காய்ஞ்சா மழை கொட்டாம விடாது, பாத்துட்டுத்தான் போவேன்" என்கிறார். ஜூலை முதல் வாரத்தில் அவருக்குத் திரும்ப டிக்கெட். அவர் சொல்வது சரியா? மழைக்காகத் தேதியைத் தள்ளிப் போடலாமா, இல்லை இந்த வெயிலில் அவரை வைத்திருப்பதே தப்பா?

கே.,
சாண்ட்லர்

அன்புள்ள கே.,

அப்பா சொல்வதில் பாதி சரி.

மே, ஜூனில் கொலராடோ ஆற்றின் கீழ்ப்பகுதிப் பாலைநிலம் கொதிக்கும்போது, அதன்மேல் காற்று இலேசாகி எழுந்து ஒரு தாழ்வழுத்தம் உண்டாகிறது. கலிஃபோர்னியா வளைகுடாவின் ஈரக்காற்றை உள்ளே இழுப்பது அதுதான். வெயில் இல்லாவிட்டால் இந்த இழுப்பும் இல்லை.

ஆனால் மழையைத் தீர்மானிப்பது தரை மட்டுமல்ல. மிக உயரத்தில் ஓர் உயரழுத்தம் இருக்கிறது. ஜூனில் அது தெற்கே, மெக்சிகோ பக்கம் நிற்பதால் அரிசோனாவுக்கு மேற்கிலிருந்து காய்ந்த காற்றுதான் கிடைக்கும். ஜூலை வாக்கில் அது வடக்கே நகர்ந்து, அரிசோனா, யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ நான்கும் சந்திக்கும் இடத்துக்குப் போனால், காற்று தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசத் தொடங்கும். மெக்சிகோவின் மேற்கு சியரா மாட்ரே மலைகளில் ஜூனிலேயே பெய்யத் தொடங்கிவிட்ட மழை, அந்தக் காற்றோடு மேலே ஏறி, தெற்கு அரிசோனாவின் டூசான் நகரை எட்ட ஜூலை முதல் வாரம் ஆகிவிடும். வானிலைத் துறையின் கணக்கில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மழைக்காலம். அது நிர்வாக வசதிக்கு வைத்த தேதி, மேகம் அதைப் பார்த்து வருவதில்லை.

அந்த உயரழுத்தம் உங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நகராமல் நின்றுவிட்டால் வெயில் இன்னும் ஏறும், மேகம் எழவே எழாது. 2023இல் அப்படித்தான் ஆனது. ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள் ஃபீனிக்ஸில் 110 டிகிரியோ அதற்கு மேலோ காய்ந்தது. கொட்டியதா? அந்த மழைக்காலம் முழுவதற்குமாக நகரின் கணக்கில் பதிவானது 0.15 அங்குலம். இதுவரை பதிவானதிலேயே மிகக் குறைவு. டூசானிலும் 2020இல் மழை பொய்த்தது. அடுத்த வருடமே, 2021 ஜூலையில் மட்டும் எட்டு அங்குலத்துக்கு மேல் கொட்டித் தீர்த்தது. காய்ந்ததற்கும் பெய்ததற்கும் கணக்கு நேராக இல்லை என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். மானாவாரிக்காரருக்கு இது புதிதாக இருக்காது.

இந்தப் பாலைவனத்தில் எனக்குப் பயம் தருவது பகல் இல்லை, இரவுதான். 2023 ஜூலை 19 அன்று ஃபீனிக்ஸில் இருபத்து நான்கு மணி நேரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 97 டிகிரி. பகலெல்லாம் சூட்டைக் குடித்த தார் ரோடும் கான்கிரீட்டும் இரவு முழுக்க அதைக் கக்குகின்றன. சவாரோ கள்ளி பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் குளிர்ந்த பிறகு திறந்து மூச்சு விடும் செடி. இரவே ஆறாதபோது அது என்ன செய்யும்? அந்தக் கோடையில் நகரத்துச் சவாரோக்கள் சில கை முறிந்தும் அடியோடு சாய்ந்தும் விழுந்தன. ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோப்பா கவுன்ட்டியில் அந்த ஆண்டு வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். வீடில்லாதவர்களும் வயதானவர்களும் அதில் நிறைய. வீட்டுக்குள்ளேயே, ஏசி ஓடாமல் இறந்தவர்களும் உண்டு. "நான் பார்க்காத வெயிலா" என்று அப்பா கிளம்பினால் தயவுசெய்து விடாதீர்கள். அவர் பார்த்த வெயில் வேறு. இங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை தெரியாமலேயே காய்ந்துபோகும், உடம்பில் நீர் குறைவதே தெரியாது. நடப்பதென்றால் விடியற்காலையோடு சரி.

அப்புறம் மழை. அதற்கு முந்தைய சில நாட்கள்தான் மிகக் கஷ்டமானவை. ஏர் கூலர் மட்டும் வைத்திருக்கும் பழைய வீடுகளில் போய்ப் பாருங்கள். ஜூன் முழுக்க ஜில்லென்று வீசிய அதே கூலர், காற்றில் ஈரம் ஏறியதும் வெறும் புழுக்கத்தைத் தள்ளும். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் வரும். ஆனால் மழை கிட்டத்தில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

நண்பகலில் மலைகளின் மேல் மேகம் குவியத் தொடங்கும். டூசானில் சான்டா கேட்டலினா மலை ஊரை ஒட்டியே நிற்பதால் பிற்பகலிலேயே இடி கேட்கும். ஃபீனிக்ஸ் தாழ்ந்த பள்ளத்தாக்கு, அங்கே வந்து சேர இரவாகிவிடும், பல நாள் வராமலும் போகும். முதலில் மேகத்திலிருந்து மழை திரைபோல் தொங்குவது தெரியும், ஆனால் தரைக்கு வராது. வழியிலேயே ஆவியாகி, காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்து கனத்த காற்று தடாலென்று கீழே இறங்கி நாலாபக்கமும் பாயும்போதுதான் புழுதிச் சுவர் எழுகிறது. 2011 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸை மூடிய புழுதி ஐயாயிரம் அடிக்கு மேல் உயர்ந்தது. அப்போது காரில் இருந்தால் ரோட்டை விட்டு முழுதாக ஒதுங்கி, விளக்கையெல்லாம் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதை நம்பி உங்கள் மேலேயே வந்து ஏறுவார்.

அதற்குப் பிறகு ஒரு வாசனை வரும். கிரியோசோட் என்ற எண்ணெய்ப் பசையுள்ள புதர் நனையும்போது வருவது. மண்வாசனை இல்லை, மருந்துக்கடை நெடியும் கொஞ்சம் கலந்தது. ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்து, வாய்க்காற்றை ஊதி முகர்ந்தால் ஜூனிலேயே அது கிடைக்கும். அப்பாவை இன்றே செய்யச் சொல்லுங்கள். முதல் கனமழையின் இரவில், மண்ணுக்குள் மாதக்கணக்கில் புதைந்து கிடந்த தேரைகள் இடியின் அதிர்வைக் கேட்டு மேலே வந்து, ஆட்டுக்குட்டி போலக் கத்தும். குட்டை வற்றுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால், அவற்றின் தலைப்பிரட்டைகள் எட்டே நாளில்கூடத் தேரையாகிவிடும்.

இந்த மழைக்காக மிக நெடுங்காலமாகக் காத்திருப்பவர்கள் இந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓதம் மக்கள். அவர்களுக்கு வருடமே சவாரோ பழ அறுவடையோடுதான் பிறக்கிறது, அதாவது இப்போது. செத்த சவாரோவின் விலா எலும்பு போன்ற கழிகளை நீளமாகக் கட்டி, உச்சியிலிருக்கும் பழத்தைத் தட்டி விழவைப்பார்கள். சதையை எடுத்தபின் தோலை வீசுவதில்லை. சிவந்த உட்புறம் வானத்தைப் பார்க்கும்படி தரையில் வைத்துவிட்டுப் போவார்கள், மழையை அழைக்க. பழப்பாகிலிருந்து புளிக்கவைத்த மதுவை மழைச் சடங்கில் குடிப்பார்கள். மழை வந்து ஓடைகளில் வெள்ளம் இறங்கியதும், அது பரவும் வாய்ப்பகுதியில் டெப்பரி என்ற சிறு பயற்றை விதைப்பது அவர்களுடைய பழைய விவசாயம். கிணறோ வாய்க்காலோ வேண்டாம். உங்கள் வீட்டில் இதை முழுதாகப் புரிந்துகொள்ளப் போகிறவர் அப்பாதான்.

சரி, டிக்கெட் விஷயம். அவருக்கு இதயம், சிறுநீரகம், ரத்த அழுத்தம் என்று ஏதாவது மருத்துவம் நடந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் தேதியை மாற்றவே மாற்றாதீர்கள். தடையில்லை, ஏசியும் நன்றாக ஓடுகிறது என்றால் ஆகஸ்ட் நடுவுக்குத் தள்ளிப்போடுங்கள். சாண்ட்லரில் காத்திருந்து ஏமாற வேண்டாம், மேகம் தெரிகிற நாளில் மதியத்துக்குள் டூசான் போய்விடுங்கள். ஒன்றரை மணி நேர ஓட்டம். வரும் வழியில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடினால், கணுக்கால் ஆழம்தான் என்று தோன்றினாலும் இறக்காதீர்கள். மழை எங்கோ மலையில் பெய்திருக்கும், வெள்ளம் இங்கே வரும். தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டமே இருக்கிறது. நின்று பாருங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.