கேளுங்க சொல்றோம்: கனடா மரம், பாஸ்டன் வெளிச்சம்

கே: அண்ணன் பையன் பாஸ்டன்ல வேலை பார்க்கிறான். அங்க பார்க்ல வச்சிருக்கிற பெரிய கிறிஸ்துமஸ் மரத்தோட போட்டோ அனுப்பினான், வருஷா வருஷம் கனடாவுல இருந்து ஃப்ரீயா வருதாமே, அமெரிக்காவுல இல்லாத மரமா சார்?
- வாசகி, திண்டுக்கல்

ப: மரத்துக்கு என்னம்மா பஞ்சம், இது நன்றிக்கடன். 1917 டிசம்பர் 6, முதல் உலகப் போர் நேரம். கனடாவுல ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துல மோன் பிளாங்க்னு ஒரு பிரெஞ்சுக் கப்பல், வயிறு முட்ட வெடிமருந்து, இமோங்கிற நார்வே கப்பலோட மோதித் தீப்பிடிச்சுது. உள்ள என்ன இருக்குன்னு ஊர் ஜனத்துக்குத் தெரியாது, ஆளாளுக்கு வீட்டு ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்த்துட்டு இருந்திருக்காங்க, கொஞ்ச நேரத்துல வெடிச்சப்போ அந்த ஜன்னல் கண்ணாடியே கண்ணுல பாஞ்சிருச்சு. கிட்டத்தட்ட 2,000 பேர் செத்தாங்க, 9,000 பேருக்குக் காயம், பார்வை போனவங்க நிறைய. மறுநாளே பனிப்புயல் வேற.

சேதி பாஸ்டனுக்குப் போச்சு. என்ன வேணும்னு கவர்னர் தந்தி அடிச்சுக் கேட்டாரு, பதிலே இல்ல, தந்திக் கம்பியெல்லாம் அறுந்து கிடக்கும்போது பதில் எப்படி வரும்? அவங்க அதுக்காகக் காத்திருக்கல. அன்னைக்கு ராத்திரியே டாக்டர், நர்ஸ், மருந்தோட ஒரு ரயில் கிளம்பிருச்சு, வழியில பனியில மாட்டி 8-ம் தேதி காலையிலதான் போய்ச் சேர்ந்துச்சு. அதுக்குத்தான் மறு வருஷம் ஒரு மரம் அனுப்பினாங்க.

கே: அப்போ 1918-ல இருந்து விடாம அனுப்புறாங்களா?
- வாசகர், நாகர்கோவில்

ப: அதான் இல்ல. 1918-ல ஒண்ணு, அப்புறம் அம்பது வருஷத்துக்கு மேல கப்சிப். 1971-ல லூனன்பர்க் பக்கத்து கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கிறவங்க சங்கம்தான் திரும்ப ஆரம்பிச்சுது, நன்றியும் சொன்ன மாதிரி ஆச்சு, நம்ம மரத்துக்கு விளம்பரமும் ஆச்சுன்னு. பிற்பாடு ஹாலிஃபாக்ஸ், லூனன்பர்க் ரெண்டும் இருக்கிற நோவா ஸ்கோஷியா மாகாண அரசே எடுத்துக்கிச்சு. வியாபாரம் கலந்த நன்றிதானேன்னு சிலர் முகம் சுளிப்பாங்க, எனக்கு அப்படித் தோணல. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு நம்ம வீட்டுல நாலு முறுக்கைப் போட்டுக் கொடுப்பாங்கல்ல, அந்த முறுக்கு வீட்டுல சுட்டதா கடையில விக்கிறதுக்குச் சுட்டதான்னா பார்க்கிறோம்?

மரம் வெட்டுறது ஒரு திருவிழா மாதிரி. 40, 50 அடி உசரம், கீழ விழுந்தா கிளை ஒடிஞ்சிரும்னு கிரேன்ல உச்சியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அடியில ரம்பம் வைப்பாங்க, ஸ்கூல் பசங்க சுத்தி நின்னு பார்ப்பாங்க. யார் நிலத்து மரம் தேர்வாகுதோ அவங்களுக்குப் பெருமையான பெருமை.

கே: வேற எங்கயாவது இப்படி உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

ப: இருக்கே, லண்டன் டிரஃபால்கர் சதுக்கம். இரண்டாம் உலகப் போர்ல நார்வே ராஜா லண்டன்ல அடைக்கலமா இருந்தாரு, அந்த உதவிக்கு 1947-ல இருந்து ஓஸ்லோக்காரங்க வருஷா வருஷம் மரம் அனுப்புறாங்க. 2021-ல வந்தது கொஞ்சம் சோப்ளாங்கியா இருந்துச்சுன்னு நெட்ல போட்டு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டாங்க. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்த கதைதான். அடுத்த வருஷமும் ஓஸ்லோவுல இருந்து மரம் வந்துச்சு.