கேளுங்கள், சொல்கிறேன்: தாண்டிப் போன தீவுகள்

கே: பசிபிக் போரில் அமெரிக்கா ஒவ்வொரு தீவாகப் பிடித்துக்கொண்டே ஜப்பான் வரை போனதாமே? புள்ளி மாதிரி இருக்கும் மணல்திட்டுக்கு ஏன் அத்தனை உயிர்ப்பலி? (தேனி வாசகர்)

ப: ஒவ்வொரு தீவாகப் போகவில்லை, அதுதான் விஷயமே. என் அக்காமார் தெருவில் பாண்டி ஆடுவார்கள். சில்லு கிடக்கும் கட்டத்தை மிதிக்காமல் தாண்டிக் குதிக்க வேண்டும். ஜப்பானின் பெரிய தளமான ரபவுல்தான் இங்கே சில்லு. அதில் இறங்கிச் சண்டை போடாமல், விமானங்களை விட்டு அடித்து முடக்கிவிட்டு, சுற்றியிருந்த தீவுகளைப் பிடித்து அப்பால் போய்விட்டார்கள். 1944 பிப்ரவரியில் ட்ரக் தீவுகளில் இருந்த ஜப்பானியக் கடற்படைத் தளத்துக்கும் அதே கதி.

மிதித்த கட்டங்கள் பெரும்பாலும் விமானத்தளத்துக்காக. பழைய அட்லஸில் நூல் வைத்து அளந்து பார்த்தேன். அப்படிப் பிடித்த சைப்பான் தீவிலிருந்து டோக்கியோ ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். பி-29 விமானம் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பக்கூடிய தூரம். அதனால்தான் 1944 ஜூலையில் சைப்பான் விழுந்ததும் ஜப்பானில் பிரதமர் டோஜோவின் பதவி போனது. ஹிரோஷிமாவுக்குக் கிளம்பிய விமானமும் பக்கத்துத் தீவான டினியனிலிருந்துதான் போனது.

மணல்திட்டு என்றீர்களே, தராவா என்ற பவளத்தீவுக் கூட்டத்தின் பெடியோ தீவு அப்படித்தான். நீளம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். 1943 நவம்பர் 20 அன்று அமெரிக்கர் அங்கே இறங்கினார்கள். படகு மிதக்க சுமார் நாலடித் தண்ணீர் வேண்டும். அன்று அலை ஏறவில்லை. பவளப்பாறையில் படகுகள் தட்டி நின்றன. வீரர்கள் குதித்து, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே பல நூறு மீட்டர் தண்ணீரில் நடந்தார்கள். இத்தனைக்கும் அந்தத் தீவுகளில் பல வருஷம் வாழ்ந்த அதிகாரி ஒருவர் தண்ணீர் போதாது என்று முன்பே எச்சரித்திருந்தார்! மூன்று நாளில் அமெரிக்கர் சுமார் ஆயிரம் பேர் செத்தார்கள். எதிர்த்தரப்பில் நாலாயிரத்துக்கும் மேல். பிழைத்தவர்கள் 146 பேர். அவர்களில் 129 பேர் வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள்.

கே: தாண்டிப் போன தீவுகளில் மாட்டிக்கொண்ட ஜப்பானியர் என்ன ஆனார்கள்? (அதே வாசகர்)

ப: கப்பல் வருவது நின்றுபோனது. ரபவுலில் இருந்தவர்கள் காய்கறி பயிரிட்டுச் சமாளித்தார்கள். மார்ஷல் தீவுகளில் வோட்ஜே, மாலோலாப் மாதிரி இடங்களில் பலர் பட்டினியால் செத்தார்கள்.

அப்புறம் குவாம் தீவில் இருந்த ஜப்பானியப் படைவீரர் யோகோய் ஷோய்ச்சி. அது அமெரிக்கர் இறங்கிப் பிடித்த தீவுதான், ஆனாலும் இவரைச் சொல்லாமல் விட மனசில்லை. காட்டில் பதுங்கி, 1972 ஜனவரியில்தான் உள்ளூர்க்காரர் இருவர் கையில் சிக்கினார். போர் முடிந்தது 1952 வாக்கிலேயே அவருக்குத் தெரியும். சரணடையும் வெட்கத்தில் வெளியே வரவில்லை. பட்டாளத்துக்கு வருமுன் அவர் தையற்காரர். காட்டில் மரப்பட்டை நாரை உரித்து நெய்து, சட்டையும் காற்சட்டையும் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான்கூட வைத்திருந்தார்.